எரிமலைத் தீவுக்குப் பள்ளிப் பயணம்: கேள்வி பதில்

லண்டனில் ஒரு பள்ளியில் புவியியல் கற்பிக்கிறேன். மாணவர்களை ஐஸ்லாந்துக்குக் கூட்டிப்போவது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஓர் ஆசிரியை): சேர், 15 வயதுப் பிள்ளைகளை ஐந்து நாளுக்குக் கொண்டுபோகப் போகிறோம். எந்தெந்த இடங்களைச் சேர்க்கலாம்?

பதில்: இடங்களைக் குறையுங்கள் மிஸ். பயண நிறுவனங்கள் தரும் பட்டியலில் ஒரு நாளுக்கு ஆறு இடம் இருக்கும். பிள்ளைகள் பாதி நேரம் பேருந்தில் தூங்குவார்கள். திங்வெட்லிர் பிளவுப் பள்ளத்தாக்கு, கெய்சிர் வெந்நீர் ஊற்றுகள், குல்ஃபோஸ் அருவி மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, தென்கரைக்கு அப்பால் இருக்கும் ஹெய்மேய் தீவில் இரண்டு இரவு தங்குங்கள்.

காரணம் இதுதான். 1973 ஜனவரி 23 அதிகாலை, அந்தத் தீவின் ஊர் ஓரத்திலேயே நிலம் பிளந்து நெருப்பு கக்கியது. அப்போது அங்கே சுமார் 5,300 பேர் இருந்தார்கள். முதல் நாள் புயலால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்தில் நின்றதால், அன்றிரவே அநேகமாக எல்லாரையும் பெருநிலத்துக்கு ஏற்றிவிட்டார்கள். அப்புறம் எரிகுழம்பு துறைமுக வாயை நோக்கி நகர்ந்தது. வாய் மூடினால் மீன்பிடித் தொழிலே போச்சு. ஆகவே கடல்நீரைப் பம்புகளால் வாரக்கணக்கில் எரிகுழம்பின் மேல் பாய்ச்சி இறுக வைத்தார்கள். துறைமுகம் தப்பியது; இறுகிய குழம்பே அரணாகி முன்பைவிட நல்ல காற்றுத்தடுப்பும் கிடைத்தது. சில நூறு வீடுகள் போயின. ஜூலை தொடக்கத்தில் வெடிப்பு ஓய்ந்தது, மக்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். சூடு ஆறாத எரிகுழம்பிலிருந்தே வெப்பம் எடுத்து வீடுகளைச் சூடாக்கினார்கள்.

இவ்வளவையும் பிள்ளைகள் நடந்தே பார்க்கலாம். அன்று முளைத்த எல்ட்ஃபெல் மலை சுமார் 200 மீட்டர்தான், 15 வயதுக்காரர்கள் சிரமமில்லாமல் ஏறுவார்கள். எல்ட்ஹெய்மர் அருங்காட்சியகத்தில் சாம்பலுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த ஒரு வீட்டையே நடுவில் வைத்திருக்கிறார்கள். பேரிடர், அதை எதிர்கொண்ட விதம், மீட்பு என்று பாடநூல் தனித்தனியாகச் சொல்லும் மூன்றும் ஒரே ஊரில் கிடைக்கும்.

கேள்வி (அதே ஆசிரியை): அந்தத் தீவுக்குப் போய்வருவது சுலபமா?

பதில்: கோடையில் சுலபம். லாண்டெயாஹோப்ன் துறையிலிருந்து படகில் சுமார் 40 நிமிடம். ஆனால் அந்தத் துறை மணல் தூர்ந்து, அலையும் உயர்ந்துவிட்டால் படகைத் தோர்லாக்ஸ்ஹோப்னுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கிருந்து இரண்டே முக்கால் மணி நேரம், அதுவும் திறந்த கடலில். குளிர்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். அதனால் மே, ஜூன் மாதங்களைப் பாருங்கள். திரும்பி வந்த அன்றே விமானம் ஏறும்படி ஒருபோதும் திட்டமிடாதீர்கள். நடுவில் ஒரு முழு நாள் இருக்கட்டும். குமட்டல் மாத்திரைக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் முன்பே வாங்கிவிடுங்கள்.

கேள்வி (ஒரு தந்தை): மகன் பாயும் எரிகுழம்பைப் பார்க்க வேண்டும் என்று நிற்கிறான். அண்மை ஆண்டுகளில் எரிமலை வெடித்த ரேக்யானெஸ் தீபகற்பத்தின் பக்கம் கூட்டிப்போவீர்களா?

பதில்: மாட்டேன் அண்ணா. அதை வாக்குறுதியாகக் கொடுக்கும் பள்ளியையும் நம்ப மாட்டேன். 2023 நவம்பரில் அங்குள்ள கிரிண்டாவிக் ஊரையே காலி செய்தார்கள், டிசம்பரில் அருகே நிலம் பிளந்தது, அதன் பிறகும் வெடிப்புகள் தொடர்ந்தன. நியூசிலாந்தின் வக்காரி எரிமலைத் தீவையும் நினைத்துப்பாருங்கள். அங்கே எச்சரிக்கை நிலையை உயர்த்திய பிறகும் சுற்றுலாப் பயணிகளை இறக்கினார்கள். 2019 டிசம்பர் 9 அன்று அது வெடித்தபோது தீவில் இருந்த 47 பேரில் 22 பேர் இறந்தார்கள். பிள்ளைகளின் ஆவலுக்காக அப்படி ஓர் ஆபத்தை எடுக்க எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை.

கேள்வி (ஒரு தாயார்): 2010இல் போல விமானங்கள் நின்றுவிட்டால்?

பதில்: எல்லா வெடிப்பும் விமானத்தை நிறுத்தாது அம்மா. 2010இல் ஏயாஃப்யாட்லயோகுட்ல் என்ற எரிமலை பனிப்பாறைக்கு அடியில் வெடித்தது. உருகிய நீர் பட்டு எரிகுழம்பு நுண்ணிய சாம்பலாகச் சிதறி, காற்றோடு ஐரோப்பா வரை போனது. ரேக்யானெஸில் மேலே பனிப்பாறை இல்லை, அங்கே குழம்பு பெரும்பாலும் வழிந்தோடுகிறது. ஆனாலும் எரிமலையால் வரும் தாமதத்துக்குக் காப்பீடு பணம் தருமா என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (ஒரு தாயார்): மகளுக்கு ஆஸ்துமா. அனுப்பலாமா?

பதில்: முதலில் மருத்துவரைக் கேளுங்கள். வெடிப்பின்போது வெளிவரும் கந்தக டைஆக்சைடு ஆஸ்துமாக்காரர்களை எளிதில் பாதிக்கும். வெடிப்பு நடக்கும்போது ஐஸ்லாந்து வானிலை ஆய்வு மையம் வாயு எந்தப் பக்கம் போகும் என்று முன்னறிவிப்பு தருகிறது. கூட்டிப்போகும் ஆசிரியர் அதைத் தினமும் காலையில் பார்க்க வேண்டும். இன்ஹேலர் ஒன்று மகளிடமும் இன்னொன்று ஆசிரியரிடமும் இருக்கட்டும். பெட்டிக்குள் போடவே கூடாது.

கேள்வி (ஒரு தாயார்): நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. சமாளிக்கலாமா சேர்?

பதில்: தாராளமாக. மீனும் ஆட்டிறைச்சி சூப்பும் எங்கும் கிடைக்கும். ஹாட் டாக்கில் மட்டும் கவனம்: அதில் ஆட்டிறைச்சியோடு பன்றியும் மாடும் கலந்திருப்பது வழக்கம். பிள்ளையிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி (ஒரு மாணவி): நீச்சல் குளத்தில் உடை இல்லாமல் குளிக்க வேண்டுமாமே, உண்மையா?

பதில்: உண்மைதான் தங்கச்சி. குளத்து நீரில் குளோரின் குறைவு, அதனால் இறங்கும் முன் நீச்சலுடை இல்லாமல் சோப்புப் போட்டுக் குளிப்பது அங்கே விதி. ஆண், பெண் அறைகள் தனித்தனி. பல குளங்களில் மறைப்புள்ள குளியலறையும் உண்டு. எந்தக் குளத்தில் அது இருக்கிறது என்று உங்கள் ஆசிரியர் முன்பே கேட்டு வைக்க வேண்டும். அப்படியும் கூச்சமாக இருந்தால் இறங்காமல் இருக்கலாம், யாரும் வற்புறுத்தக் கூடாது. இதைப் பெற்றோர் கூட்டத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

கேள்வி (ஒரு தந்தை): மகனிடம் இலங்கைக் கடவுச்சீட்டுதான் இருக்கிறது. விசா வேண்டுமா?

பதில்: பொதுவாக வேண்டும். ஐஸ்லாந்து ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பள்ளியிடம் இதைச் சொல்லிவிடுங்கள், விண்ணப்பத்துக்கு அவர்களின் கடிதம் தேவைப்படும்.