வருஷத்துக்கு எத்தனை தடவை கப்பல் சுற்றுலா? தடவையை விடுங்க, ராத்திரியை எண்ணுங்க

கேள்வி இது: "மக்கள் பொதுவா வருஷத்துக்கு எத்தனை தடவை க்ரூஸ் போவாங்க? நாங்க குமரி மாவட்டத்துல, கேரள எல்லையில களியக்காவிளைப் பக்கம். ரெண்டு தடவை போறது ஓவரா?"

ஓவர்தான். ஆனா "காசுக் கொழுப்பு"ன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்ற அர்த்தத்துல இல்ல. யாரும் யார் பைசாவையும் எண்ண வேண்டாம். நம்ம இருப்பிடத்துக்கு அது கட்டுப்படியாகாது, அவ்வளவுதான்.

முதல்ல "மக்கள் பொதுவா" போறதே இல்ல. கப்பல் கம்பெனிகளோட சர்வதேசச் சங்கம் சிஎல்ஐஏ கணக்குப்படி 2024இல் உலகம் முழுக்கக் கடல் க்ரூஸ் போனவங்க சுமார் 3.46 கோடி பேர். உலகத்துல இருக்கிறது 800 கோடிக்கு மேல். ஆயிரத்துக்கு நாலு பேர் சொச்சம். அந்த நாலு பேர்லயும் பெரும்பாலோர் வருஷத்துக்கு ஒண்ணோட நிறுத்திக்கிறவங்கதான். மூணு, நாலு தடவை போறவங்க தனி ரகம். அவங்க வீடு எங்க இருக்குன்னு பாத்தாலே விஷயம் புரிஞ்சிரும். அமெரிக்காவுல ஃப்ளோரிடா. மயாமி, போர்ட் எவர்க்ளேட்ஸ், போர்ட் கனாவரல்னு உலகத்திலேயே கூட்டம் அதிகமான மூணு துறைமுகமும் அந்த ஒரே மாநிலத்துல. ரிட்டயர் ஆனவங்க வீட்லயிருந்து காரை ஓட்டிட்டு வந்து, துறைமுகத்துலயே நிறுத்திட்டு ஏறிருவாங்க. ஃப்ளைட் கிடையாது, முந்தின நாள் ஹோட்டல் கிடையாது.

இன்னொண்ணு: கப்பல்ல முழுப் பணத்தையும் கிளம்புறதுக்கு 75 நாள், 90 நாள் முன்னாடியே கட்டணும். அந்தத் தேதிக்குள்ள ரத்து செய்றவங்க விட்டுட்டுப் போற கேபின் திரும்பக் கடைக்கு வரும். கேபின் காலியாப் போனாலும் கப்பலுக்கு எண்ணெய்ச் செலவு அதேதான். அதனால விலையை இறக்குவாங்க. அந்த இறங்கின விலையைப் பிடிக்க, பெட்டியைக் கட்டி ஒரு வாரத்துல கிளம்பத் தெம்பு வேணும். நமக்கு அதுக்குள்ள விசா வந்தா ஃப்ளைட் டிக்கெட் ஏறியிருக்கும். கடைசி நேரத் தள்ளுபடின்னு வர்ற விளம்பரம் நமக்கானது இல்ல.

திரும்பத் திரும்ப வர்றவங்களுக்குச் சலுகை குடுக்கும்போது பல கம்பெனிகளே தடவையை எண்ணுறதில்ல. ராயல் கரீபியன் கப்பல்ல ஒரு ராத்திரிக்கு ஒரு பாயிண்ட், பெரிய ஸூட் அறைக்கு ரெண்டு. 30 பாயிண்டுக்கு ப்ளாட்டினம்ங்கிற தகுதி, 80க்கு டைமண்ட், 700க்கு பினக்கிள். நீங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை, தடவைக்கு நாலு ராத்திரி சாதாரண அறையில போனா டைமண்ட் ஆக பத்து வருஷம், பினக்கிள் ஆக எண்பத்தேழரை வருஷம். பாயிண்டுக்காகப் போறேன்னு யாராவது சொன்னா இந்தக் கணக்கைக் காட்டுங்க. எல்லாக் க்ரூஸுக்கும் விசா, ஃப்ளைட், வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்ல குடுக்கிறது எல்லாம் ஒரே செலவு, ஒரே மெனக்கேடு. அதனால மூணு ராத்திரி ரெண்டு தடவை போறதை விட ஏழு ராத்திரி ஒரு தடவை மேல். லீவு கிடைக்கலேன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு நாலு ராத்திரி. என் பதில் அவ்வளவுதான், மீதி எல்லாம் விளக்கம்.

நீங்க நாலு பேர் குடும்பம், பள்ளிக்கூடம் போற பிள்ளைங்கன்னு வெச்சுக்கிறேன். நமக்குக் கிட்ட கொச்சி. ஆனா அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் எர்ணாகுளம் வார்ஃப்ல நிக்கிற பெரிய வெளிநாட்டுக் கப்பலைப் பாத்து ஏமாற வேண்டாம். பெரும்பாலும் அது துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல ஒரு பகல் இளைப்பாற நிக்கிறது. நம்ம ஆட்கள் ஏற வழியுள்ளது மும்பை, கொச்சி, லட்சத்தீவுன்னு ஓடுற, கார்டீலியா கம்பெனியோட எம்ப்ரஸ். 1990இல் கட்டின கப்பல், ராயல் கரீபியன்கிட்ட இருந்து வந்தது. இன்னைக்குக் கட்டுற கப்பல்களுக்கு முன்னால சின்னது, அதனால அலை கொஞ்சம் கூடவே தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று மாசங்கள்ல அரபிக்கடலை விட்டுச் சென்னைப் பக்கம் வந்து இலங்கைக்கு ஓடும். இது எதுவும் வேண்டாம், தீவைப் பாத்தா போதும்னா லட்சத்தீவு சுற்றுலா அமைப்பான ஸ்போர்ட்ஸ் நடத்துற "சமுத்ரம்" இருக்கு. கொச்சியில எம்.வி. கவரத்தி கப்பல்ல ஏறி கவரத்தி, கல்பேனி, மினிக்காய் பாத்துத் திரும்ப அஞ்சு நாள். ராத்திரி கப்பல்ல தூக்கம், பகல் தீவுல. பாஸ்போர்ட் வேண்டாம், ஆனா நுழைவு அனுமதி வேணும், அதுக்கு நாள் பிடிக்கும். கப்பல் பவளப்பாறைக்கு வெளிய நிக்கும், சின்னப் படகுல மாறி இறங்கணும். முட்டு வலி உள்ள அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்க இதை முன்னாடியே யோசிங்க.

மாசம்தான் பாதி வெற்றி. கொச்சிப் பக்கம் டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். சென்னையில இருந்து அக்டோபர், நவம்பர், டிசம்பர் வேண்டவே வேண்டாம். ஓகி புயல் 2017 நவம்பர் கடைசியில வந்ததை நம்ம மாவட்டத்துல யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்ல. முதல் தடவை போறவங்களுக்கு நான் சிங்கப்பூர்ல இருந்து கிளம்புற கப்பலைச் சொல்வேன், திருவனந்தபுரத்துல இருந்து நேர் ஃப்ளைட் உள்ளதால மட்டும் இல்ல. மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, ஒரு பக்கம் மலேசியா. பெருங்கடல் அலை உள்ள வராது. பினாங்குல கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில ஊரை ஒட்டியே கட்டும், இறங்கி நடந்தா லிட்டில் இந்தியா, இட்லி கூடக் கிடைக்கும், அங்க காசு குடுத்து டூர் எடுக்கத் தேவையே இல்ல. போர்ட் க்ளாங் அப்படி இல்ல, கோலாலம்பூருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஃபூக்கெட்ல பாத்தோங் கடற்கரைக்கு வெளிய நங்கூரம் போட்டு படகுல இறக்குவாங்க. மே முதல் அக்டோபர் வரைக்கும் அலை பெருசானா இறக்காமலே கிளம்பிரும், அதுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது, துறைமுக வரி மட்டும் வரலாம்.

சிங்கப்பூர் விசாவுல "மல்டிபிள்" இருக்கான்னு பாத்துக்கணும். கப்பல் கரையை விட்டாலே நீங்க நாட்டை விட்டு வெளியேறின கணக்கு, திரும்பி வரும்போது புதுசா நுழையறீங்க. பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடியாகணும். கைக்குழந்தை ஆறு மாசத்துக்குக் குறைவுன்னாலும், கர்ப்பம் 24 வாரம் தொட்டாலும் பெரிய கம்பெனிகள் ஏத்தாது. இது துறைமுகத்துக்கு வந்த பிறகு தெரிஞ்சு அழுற விஷயம்.

இனி பைசா. மார்த்தாண்டத்துல பேனர்ல "ஒருவருக்கு ரூ. இத்தனை முதல்"னு போட்டிருக்கும். அந்த "ஒருவர்" ஒரு அறையில ரெண்டு பேர் இருந்தா வர்ற ஒருவர். தனியாப் போனா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. மூணாவது, நாலாவது ஆளுக்கு அறைக் கட்டணம் குறையும், துறைமுகக் கட்டணமும் வரியும் தலைக்குத் தலை அதேதான். அப்புறம் கப்பல்ல க்ராஜுவிட்டின்னு ஊழியருக்கான டிப்ஸ், சர்வதேசக் கப்பல்கள்ல தலைக்கு ஒரு நாளைக்கு சுமார் 16 முதல் 20 டாலர், பல கப்பல்கள்ல குழந்தைக்கும் சேர்த்து. நாலு பேர், நாலு ராத்திரி: 256 முதல் 320 டாலர். இது பேனர்ல வராது. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் எடுத்தா ஏஜென்ட் டிசிஎஸ்னு ஒரு வரியை முன்னாடியே பிடிப்பார். அது போன பணம் இல்ல, வருமான வரிக் கணக்குல திரும்ப எடுக்கலாம், ஆனா யார் பான் கார்டுல பில் போட்டாரோ அவர்தான் எடுக்க முடியும். வரி கட்டாத மாமியார் பேர்ல போட்டுட்டு அப்புறம் முழிக்கிறவங்க உண்டு. என் மதிப்புல பேனர் விலையை அப்படியே இரட்டிப்பாக்கினா ஏறக்குறைய உண்மைச் செலவு வரும்.

அறை எடுக்கும்போது கப்பலோட மாடி வரைபடத்தைத் திறந்து ஒண்ணே ஒண்ணு பாருங்க: உங்க அறைக்கு மேல இருக்கிறதும் கீழ இருக்கிறதும் கேபின்தானா. மேல சமையல்கட்டுன்னா விடியற்காலை தள்ளுவண்டிச் சத்தம், கீழ ஆட்டம்பாட்டம்னா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தரை அதிரும். குமட்டல் உள்ளவங்க நடுவுலயும் கீழ் மாடியிலயும் எடுங்க. ஏத்தம்பலகை மாதிரிதான், நுனியில உக்காந்தவன்தான் கூடுதலா ஏறி இறங்குவான். அவோமின் மாதிரி மாத்திரையை டாக்டர்கிட்ட கேட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும், வாந்தி தொடங்கின பிறகு போட்டா மாத்திரையும் சேர்ந்து வெளிய வரும். ஜன்னல் இல்லாத உள் அறைதான் மலிவு. பகல் பன்னெண்டுக்கும் கும்மிருட்டு. டிவியில கப்பல் முன்பக்கக் கேமரா சேனல் இருந்தா சத்தத்தை அணைச்சுட்டு ஓட விடுங்க, அதுவே விடிவிளக்கு. சுவர் இரும்புத் தகடு. நாலு காந்தக் கொக்கி கொண்டு போனா ஈரத்துணி காயும்.

இஸ்திரிப் பெட்டி, கெட்டில், கத்தி எல்லாம் ஸ்கேன்ல பிடிச்சு வாங்கி வெச்சிருவாங்க. எக்ஸ்டென்ஷன் போர்டுல, மின்னழுத்தம் திடீர்னு ஏறினா காப்பாத்துற ஸர்ஜ் ப்ரொடெக்டர் இருந்தாலும் பிடிப்பாங்க. காரணம் உண்டு. நம்ம வீட்ல ஒரு கம்பி ஃபேஸ், இன்னொண்ணு நியூட்ரல். பல கப்பல்கள்ல ரெண்டு கம்பியிலும் மின்னழுத்தம் இருக்கும். வீட்டுக்குன்னு செஞ்ச ப்ரொடெக்டர் அங்க சூடாகித் தீப்பிடிக்கலாம். முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் வீட்ல செஞ்சதுன்னா உள்ள விட மாட்டாங்க. கடையில சீல் வெச்ச ஏத்தங்காய் சிப்ஸ் பெரும்பாலும் விடுவாங்க.

கழிப்பறை காற்றை உறிஞ்சி இழுக்கிற வகை. மூடியைச் சாத்திட்டு அழுத்தணும். ஈர டிஷ்யூவோ நாப்கினோ போட்டா உங்க அறையோட நிக்காது, அதே குழாய்ல உள்ள அத்தனை அறையும் மேலும் கீழும் நின்னு போகும்.

ஏறினதும் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவாங்க, முகத்தைச் சுளிக்காமப் போங்க. 2012 ஜனவரியில இத்தாலிக் கரையில கோஸ்டா கன்கார்டியா கவிழ்ந்து 32 பேர் செத்தப்போ, அன்னைக்கு ஏறினவங்களுக்கு இன்னும் பயிற்சியே நடக்கல. அதுக்குப் பிறகுதான் கிளம்பும் முன்னாடியே அல்லது கிளம்பின உடனே நடத்தணும்னு சர்வதேச விதி மாறினது. ஏழு குறுஞ்சத்தம், ஒரு நெடுஞ்சத்தம் கேட்டா அதுதான் ஆபத்து அறிவிப்பு. பிள்ளைகளுக்கும் சொல்லி வைங்க.

ரெண்டாவது தடவை ஆசை அடங்கலேன்னா ஆலப்புழை போங்க. அதையும் போர்டுல "க்ரூஸ்"னு எழுதுறாங்க, எழுதட்டும். அயினிப் பலகையைக் கயித்தால தைச்ச கெட்டுவள்ளம். பகல் பன்னெண்டுக்கு ஏறினா மறுநாள் ஒன்பதுக்கு இறக்கம், ஆனா சாயங்காலம் அஞ்சரைக்குக் கரையில கட்டிருவாங்க, ராத்திரி மீன்காரங்க வலை போடுவாங்க. ஆக ஓடுறது அஞ்சு மணி நேரம்தான். ஏசி ராத்திரி ஒன்பது முதல் ஆறு வரைக்கும் மட்டுமா, பகலுமான்னு கேட்டுட்டுப் பேரம் பேசுங்க. படகைக் கண்ணால பாக்காம பஸ் ஸ்டாண்ட்ல முன்பணம் குடுக்காதீங்க. ஓடுறது மட்டும் போதும்னா கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையோட ஆலப்புழை-கொல்லம் படகு இப்போ ஓடுதான்னு கேட்டுப் பாருங்க, எட்டு மணி நேரப் பயணம், அதுக்கு ஆகுற பைசா சொற்பம்.

கப்பல் கரும்புகை கக்குதேன்னு கமெண்ட்ல வர்றவங்களுக்கு: கக்கத்தான் செய்யுது. அதுக்கும் சேர்த்துத்தான் வருஷத்துக்கு ஒண்ணுக்கு மேல வேண்டாம்னு சொன்னேன்.

கடைசியா இறங்குற ராத்திரி. பெட்டியைப் பதினொரு மணிக்குள்ள அறைக்கு வெளிய வைக்கச் சொல்வாங்க, ஊழியர் எடுத்துட்டுப் போயிருவாங்க, காலையில கரையிலதான் கிடைக்கும். எல்லாத்தையும் மடிச்சு உள்ள வெச்சுட்டு லுங்கியோட காலை எட்டு மணிக்கு வரிசையில நிக்கிற ஆள் ஒவ்வொரு கப்பல்லயும் ஒருத்தர் உண்டு. மறுநாள் உடுப்பு, செருப்பு, மாத்திரை, பாஸ்போர்ட் நாலும் கைப்பையில. திரும்புற ஃப்ளைட்டைப் பகல் ரெண்டு மணிக்கு மேல போடுங்க. போகும்போதும் முந்தின நாளே சிங்கப்பூர்ல இருங்க, கப்பல் காத்திருக்காது. திருவனந்தபுரம் ஏர்போர்ட் நமக்குக் கிட்டன்னு சொல்லிக்கிறோம், கிட்டதான், மேப்புல. மார்த்தாண்டம் தாண்டி, களியக்காவிளைச் சந்தை தாண்டி, பாறசாலை, அமரவிளை, பாலராமபுரம்னு ஒவ்வொரு இடத்திலயும் வண்டி நின்னு நின்னு போறதுக்குள்ள விமானம் சிங்கப்பூருக்குப் பாதி வழி போயிரும். நாலுவழிச் சாலை வருது வருதுன்னு எத்தனை வருஷமா சொல்லிட்டு இருக்காங்க! ஓணம் சமயத்துல ஃப்ளைட்னா இன்னும் ரெண்டு மணி நேரம் சேர்த்துக் கிளம்புங்க.