டிராக்மேனுக்கு 18,000 மட்டும்தானா?

“தம்பிக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ரயில்வேயில் டிராக்மேன், அதாவது தண்டவாளப் பராமரிப்பு வேலை. சம்பளம் 18,000 மட்டும்தானா? ராத்திரி வேலைக்குத் தனியாகக் காசு உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

18,000 என்பது 7ஆம் ஊதியக் குழுவின் முதல் நிலை அடிப்படைச் சம்பளம். அதன் மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் ஏறும். தண்டவாளப் பராமரிப்பு ஆட்களுக்கு ஆபத்துப் படியும் தனியாக உண்டு. 2017-ல் அதை நிர்ணயித்தபோது மாதம் 2,700 ரூபாய். கல்லிடைக்குறிச்சி வெயிலில் ஜல்லி மேல் ஒரு நாள் நடந்து பார்த்தவர்கள் அது பெரிய தொகை என்று சொல்ல மாட்டார்கள்.

ராத்திரிக் கணக்கில்தான் பலருக்கும் குழப்பம். இரவு 10 முதல் காலை 6 வரை, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 10 நிமிடம் கூடுதலாகக் கணக்கிடுவார்கள். ஓர் இரவு முழுக்கப் பார்த்தால் 80 நிமிடம். ஒரு மணி நேர மதிப்பு, அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்ததை 200ஆல் வகுத்தது. அகவிலைப்படியை விட்டுவிட்டால்கூட மணிக்கு 90, அதாவது இரவுக்கு 120 ரூபாய். இரட்டைச் சம்பளம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சட்ட வரம்பைத் தாண்டிய ஓவர்டைமுக்குத்தான் இரண்டு மடங்கு. அப்புறம், எந்த இரவு எத்தனை மணி நேரம் என்று தம்பியை ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.