இன்டரப்ட் ஹேண்ட்லர்: டிரைவர் எழுதுவோருக்கான கேள்வி பதில்

லினக்ஸ் கெர்னலிலும், பழகுவதற்காக எழுதப்படும் சிறு கெர்னல்களிலும் ஹார்டுவேர் இன்டரப்டைக் கையாளுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். இன்டரப்ட் என்பது சாதனம் சிபியுவைக் கூப்பிடும் அழைப்பு; அந்த அழைப்புக்கு ஓடும் நிரல்தான் ஹேண்ட்லர். விண்டோஸ் டிரைவர் குறித்துக் கேட்டிருந்த இருவரும் பொறுத்தருள்க. அது என் துறை அன்று.

கேள்வி: ஐயா, எக்ஸ்86 கணினிக்குச் சொந்தமாக ஒரு கெர்னல் எழுதி வருகிறேன். கீபோர்டில் அழுத்திய முதல் எழுத்து திரையில் தெரிகிறது. அதற்குப் பிறகு எதை அழுத்தினாலும் அசைவில்லை. டைமர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பதில்: டைமர் ஓடுகிறது என்று நீங்கள் குறிப்பிட்டதுதான் துப்பு. சாதனங்களின் அழைப்புகளை லைன்கள் வழியே வாங்கிச் சிபியுவுக்கு அனுப்பும் சிப் 8259 கன்ட்ரோலர். அது ஓர் இன்டரப்டைச் சிபியுவிடம் ஒப்படைத்ததும், அதற்குரிய பிட்டைத் தனக்குள் ஏற்றி வைத்துக்கொள்கிறது. வேலை முடிந்தது என்று ஹேண்ட்லர் தெரிவிக்கும் வரை, அதே லைனையும் அதைவிட முன்னுரிமை குறைந்த லைன்களையும் அது விடுவதில்லை. டைமர் 0-ஆவது லைன், கீபோர்டு 1-ஆவது லைன் என்பதால், கீபோர்டு சிக்கிக்கொண்டாலும் டைமர் தடைபடாது. முதல் எழுத்து திரைக்கு வந்துவிட்டதால், கீபோர்டின் 60-ஆம் போர்ட்டை நீங்கள் ஒழுங்காகப் படிக்கிறீர்கள் என்று கொள்ளலாம்; விட்டுப்போனது கன்ட்ரோலருக்குச் சொல்ல வேண்டிய பதில். ஹேண்ட்லர் முடியும் இடத்தில் 20-ஆம் போர்ட்டில் 20 என்று எழுதுங்கள் (எல்லாம் பதினாறடிமான எண்கள்). சாதனம் வேறு, கன்ட்ரோலர் வேறு; இரண்டுக்கும் தனித்தனியே பதில் சொல்லியாக வேண்டும் என்பதை நான் இன்று இன்னும் பலமுறை சொல்ல நேரிடும்.

கேள்வி: இன்டரப்டைத் திறந்த மறுகணமே டபுள் ஃபால்ட் வருகிறது. ஸ்டாக்கில் பிழையா?

பதில்: அது டபுள் ஃபால்ட் அன்று, உங்கள் டைமர். ஐபிஎம் பிசியின் பயாஸ் முதல் எட்டு லைன்களை 8 முதல் 15 வரையிலான வெக்டர்களில் (சிபியு ஹேண்ட்லரைத் தேடும் எண்களில்) வைத்தது. ப்ரொடெக்டட் மோடிலோ 0 முதல் 31 வரை சிபியுவின் எக்ஸெப்ஷன்களுக்கு (பிழை அறிவிப்புகளுக்கு) ஒதுக்கப்பட்டவை, அவற்றுள் 8 டபுள் ஃபால்ட், அதாவது ஒரு பிழையைக் கையாளப் போகும்போதே எழும் இன்னொரு பிழை. லைன்களை 32-க்கு நகர்த்திய பிறகு திறங்கள்.

கேள்வி: லினக்ஸில் எங்கள் பிசிஐ கார்டு சற்று நேரம் ஓடியபின் ‘நோபடி கேர்ட்’ என்ற செய்தியுடன் நின்றுவிடுகிறது. ஹேண்ட்லர் எப்போதும் ‘ஹேண்டில்ட்’ என்றே திருப்பித் தந்தால் சரியாகிவிடுமா?

பதில்: செய்தி மறையும், நோய் மறையாது. பிசிஐ லைன் லெவல் வகையைச் சேர்ந்தது. கார்டின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் காரணத்தை அழிக்கும் வரை லைன் ஓயாது, ஹேண்ட்லரிலிருந்து வெளியே வந்த உடனே கெர்னல் மீண்டும் உள்ளே இழுக்கப்படும். பல கார்டுகள் ஒரே லைனைப் பகிர்வதால், ஒவ்வொரு ஹேண்ட்லரும் தன் கார்டைக் கேட்டுப் பார்த்து ‘என்னுடையது’ அல்லது ‘என்னுடையது அல்ல’ என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு லட்சம் இன்டரப்டுகளில் 99,900-க்கும் மேற்பட்டவற்றை எவரும் உரிமை கோராவிட்டால், கெர்னல் அந்த லைனையே அடைத்துவிடுகிறது. நீங்கள் பொய்யாக உரிமை கோரினால் அந்தக் காவலும் போய், கணினி முழுவதும் உறைந்து நிற்கும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: கார்டில் ஏதோ ஒரு பிழைக்கான இன்டரப்டைத் திறந்து வைத்திருப்பீர்கள், ஹேண்ட்லரோ அந்த பிட்டைப் பார்ப்பதே இல்லை. சாதனத்துக்குப் பதில் சொல்லவில்லை என்று பொருள்.

கேள்வி: ஹேண்ட்லருக்குள் மியூடெக்ஸ் எடுக்கலாமா?

பதில்: கூடாது. மியூடெக்ஸ் ஒரு பூட்டு; வேறு எவரேனும் பிடித்திருந்தால் அது கிடைக்கும் வரை உறங்கிக் காத்திருக்க நேரும். ஹேண்ட்லர் உறங்கக்கூடாது.

கேள்வி: ஹேண்ட்லருக்குள் நினைவகம் கேட்கலாமா?

பதில்: உறங்காமல் கேட்கும் அட்டாமிக் வகையில் மட்டும் கேட்கலாம். காரணம் மேலே உள்ளது.

கேள்வி: ஹேண்ட்லரைச் சுருக்கி, மீதியைப் பிறகு செய்யச் சொல்கிறார்கள். என்விஎம்இ டிஸ்க் மைக்ரோசெகண்டுகளில் பதில் தரும் காலத்தில் இன்டரப்டே வீண் அல்லவா? போலிங் செய்தால், அதாவது சாதனத்தை நாமே திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தால் போதுமே.

பதில்: பாதி உண்மை. மோகலும் ராமகிருஷ்ணனும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதையே ஆராய்ந்தது: நெட்வொர்க் பாக்கெட்டுகள் அளவுக்கு மீறி வந்தால், சிபியு தன் நேரம் முழுவதையும் இன்டரப்டிலேயே கழித்துவிட்டு, ஒரு பாக்கெட்டையும் உரிய இடத்தில் சேர்க்காமல் போகும். லினக்ஸின் நெட்வொர்க் டிரைவர்கள் பயன்படுத்தும் நாபி என்ற முறை இதற்கு விடை சொல்கிறது. முதல் பாக்கெட் வந்ததும் கார்டின் இன்டரப்ட் அடைக்கப்படுகிறது. பிறகு சுற்றுக்கு வழக்கமாக 64 பாக்கெட் என்ற வரம்பில் போலிங் நடக்கிறது. வரம்பு நிரம்பாமல் பாக்கெட் தீர்ந்துபோனால் இன்டரப்ட் மறுபடி திறக்கப்படுகிறது. நெரிசலில் போலிங், ஓய்வில் இன்டரப்ட்.

கேள்வி (அதே வாசகர்): எங்கள் சர்வரில் ஒரு கோர் சும்மாதான் கிடக்கிறது. அதை முழுநேரமும் போலிங்குக்கு விட்டால் என்ன நட்டம்?

பதில்: உங்கள் சர்வரில் நட்டமில்லை, பாக்கெட்டுகளைப் போலிங் மூலம் கையாளும் டிபிடிகே என்ற நூலகம் அதற்காகவே இருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அதைப் பொது விதியாக்காதீர்கள். சுற்றிக்கொண்டே இருக்கும் கோர் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகாது, மடிக்கணினியின் பேட்டரி அதற்கு விலை கொடுக்கும். ஹைப்பர்த்ரெடிங் இருந்தால் அதே கோரில் உள்ள இன்னொரு த்ரெட்டும் கொடுக்கும். நீங்கள் அளந்தது தாமதத்தை மட்டுமே.

கேள்வி (மற்றொருவர்): போலிங் முடிந்து இன்டரப்டைத் திறப்பதற்குள் ஒரு பாக்கெட் வந்துவிட்டால்?

பதில்: இன்று வந்தவற்றுள் சிறந்த கேள்வி. லெவல் வகையில் கவலையில்லை. லைன் உயர்ந்தே நிற்பதால், திறந்ததும் அழைப்பு வரும். லைனுக்குப் பதிலாகக் கார்டுகள் பயன்படுத்தும் எம்எஸ்ஐ என்பதோ நினைவகத்தில் ஒரு முறை எழுதப்படும் செய்தி. அடைத்திருந்தபோது நிகழ்ந்ததைக் கார்டு நினைவில் வைத்திராவிட்டால் அந்தச் செய்தி வரவே வராது. பாக்கெட் ரிங்கில் (வந்த பாக்கெட்டுகள் காத்திருக்கும் வட்ட வரிசையில்) கிடக்கும், அடுத்த பாக்கெட் வந்து எழுப்பும் வரை. நொடிக்கு ஒரு பிங் அனுப்பிப் பாருங்கள்: சில பதில்கள் ஏறக்குறைய ஒரு நொடி தாமதித்து, அடுத்த பிங்கின் பதிலோடு சேர்ந்து வந்தால் நோய் இதுவே. திறந்த பிறகு ரிங்கை இன்னொரு முறை பார்த்து, ஏதேனும் இருந்தால் போலிங்கை மீண்டும் தொடங்குங்கள்.

கேள்வி: என் ஹேண்ட்லரில் மியூடெக்ஸ் எடுக்கிறேன், ஒரு தொல்லையும் இல்லையே?

பதில்: மியூடெக்ஸை வேறு எவரும் பிடித்திராத வரை அது உறங்குவதில்லை, அதனால்தான் உங்கள் மேசையில் ஓடுகிறது. கெர்னல் கான்ஃபிகில் உறங்கக்கூடாத இடத்தில் உறங்க முயல்வதைக் காட்டிக்கொடுக்கும் டிபக் அட்டாமிக் ஸ்லீப்பை இயக்கி, அதே டிரைவரை ஏற்றி, லாக்கில் வருவதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.