தொகுப்பு நூலுக்குக் கதை கொடுத்தால் உரிமை போய்விடுமா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஓர் எழுத்தாளர் வட்டம் நடத்துகிறோம். மாதம் ஒருமுறை கூடி, எழுதியதை வாசித்துப் பேசுவோம். இருபது பேரின் சிறுகதைகளைத் தொகுப்பாகக் கொண்டுவருகிறேன் என்று ஒரு பதிப்பாளர் வந்திருக்கிறார். தலைக்கு 2,000 ரூபாய் கேட்கிறார். அவர் கொடுத்த படிவத்தில் ‘படைப்பின் முழு உரிமையும் பதிப்பகத்துக்கே’ என்று இருக்கிறது. சிலர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இரண்டு பேருக்கு அவர்களுடைய கணவர்களே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இந்தக் கதைகளை நாளைக்கு எங்கள் சொந்தப் புத்தகத்தில் சேர்க்க முடியுமா?
வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: கையெழுத்துப் போடாதவர்கள் தாராளமாகச் சேர்க்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. போட்டவர்களுக்கு, படிவத்தில் என்ன எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கதையை எழுதி முடித்ததுமே அது எழுதியவருக்குச் சொந்தம். அவர் வாழும் காலம் முழுதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் வேண்டும். ‘கதை அனுப்பிவிட்டேன், போட்டுக்கொள்ளுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சொன்னது இந்த ஒரு தொகுப்பில் அச்சிடக் கொடுத்த அனுமதி மட்டுமே. தொகுத்தவருக்கு, கதைகளைத் தேர்ந்து வரிசைப்படுத்திய தொகுப்பின் மேல் உரிமை வரலாம். உள்ளே இருக்கும் கதைகள் மேல் வராது.

கையெழுத்துப் போட்டவர்கள் படிவத்தை எடுத்து, எத்தனை ஆண்டுக்கு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, அந்த உரிமையும் காலாவதி. ‘நிரந்தரமாக’, ‘காலவரையறை இன்றி’ என்ற சொற்கள் இருந்தால்தான் சிக்கல். புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பே அந்தப் படிவத்தை ரத்து செய்து எழுதி வாங்கப் பாருங்கள்.

கணவர்கள் போட்ட கையெழுத்துக்கு வருகிறேன். எழுதியவர் போட வேண்டும், அல்லது அவர் முறையாக அதிகாரம் கொடுத்த ஒருவர் போட வேண்டும். கணவர் என்பதாலேயே அந்த அதிகாரம் வந்துவிடாது. அந்த இரண்டு படிவங்களும் வெற்றுக் காகிதம். கொஞ்ச நாளில் அந்தப் பதிப்பாளர் ‘ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு, சும்மா ஃபார்மாலிட்டிதான்’ என்று வருவார். மரியாதைக்காகப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பெண் எழுதிய கதைக்கு வீட்டு ஆணிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார் என்றால், அவர் அவளை எழுத்தாளராகவே பார்க்கவில்லை என்று அர்த்தம். அவரிடமா உங்கள் புத்தகத்தை ஒப்படைக்கப் போகிறீர்கள்?

பணக் கணக்கையும் பாருங்கள். இருபது பேர், தலைக்கு 2,000 என்றால் 40,000 ரூபாய். ஒரு பிரதிகூட விற்காமலே அது அவர் கைக்கு வந்துவிடுகிறது. பிறகு எதற்காக அவர் கடை கடையாக ஏறி இறங்கப் போகிறார்? இந்த வியாபாரத்தில் வாசகர் என்று யாரும் கிடையாது. எழுதியவர்களே வாடிக்கையாளர்கள். முதல் கதை அச்சில் வரவேண்டும் என்று ஏங்கும் பெண்களைத் தேடித்தான் இவர்கள் வருகிறார்கள். சான்றிதழ், கேடயம், பொன்னாடை, ‘உலக சாதனைத் தொகுப்பு’ என்ற பட்டம், எல்லாம் தருவார்கள். எத்தனை பிரதி, எங்கே கிடைக்கும், ராயல்டி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

‘ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) வாங்கித் தருகிறேன், அதற்குத் தனியாகப் பணம்’ என்பார்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகத் தருகிறது, தனிநபரும் விண்ணப்பிக்கலாம். பதிப்புரிமைப் பதிவு கட்டாயமே இல்லை. வேண்டும் என்றால் ஒரு படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆனால் இந்தப் படிவங்களை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டியிருக்கிறது. தமிழில் கதை எழுதுகிற பெண் அங்கே தடுமாறி நிற்கிறாள், தரகர் அங்கேதான் நுழைகிறார். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணையும் அப்படித்தான். எப்போது கேட்பார்கள், எப்போது பணம் வரும் என்பதெல்லாம் சிறு பதிப்பாளருக்குப் புரியாத புதிராகவே இருக்கும்வரை, ‘எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது’ என்பவருக்குக் காலம் நன்றாகத்தான் இருக்கும்.

எழுதியவருக்கே உரிமை என்பதற்கான ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைக் காட்டிப் பலரை மிரட்டுகிறார்கள். உங்கள் வட்டத்தில் யாராவது பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்களா? வேலையின் பகுதியாக, அந்தப் பத்திரிகைக்காக எழுதிய கதை என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அதைப் பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை முதலாளிக்குப் போகும். ஆனால் அதோடு சரி. புத்தகமாகப் போடுவது, படமாக்குவது போன்ற மற்ற உரிமைகள் அப்போதும் எழுதியவருக்கே. இது மாதச் சம்பளக்காரருக்குத்தான். தபாலில் கதை அனுப்பி, 500 ரூபாய் சன்மானம் வாங்கியவர் யாருக்கும் ஊழியர் இல்லை. ‘எங்கள் இதழில் வந்தது, எங்களைக் கேட்காமல் புத்தகமாகப் போடக் கூடாது’ என்று யாராவது சொன்னால், நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், அந்த 40,000 ரூபாயில் வட்டத்தின் பெயரிலேயே நீங்கள் புத்தகம் போடுங்கள். நாவலாசிரியர் வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தானே வாங்கி நடத்தினார். அன்றைக்கு முடிந்தது உங்கள் இருபது பேருக்கு முடியாதா? இருபது பெயரும் அட்டையில் இருக்கட்டும். புனைபெயரில் எழுதுகிறவர்களின் இயற்பெயரையும் சம்மதத்தையும் வட்டத்தின் கோப்பில் எழுதி வையுங்கள், பின்னால் வாரிசுகளுக்கு உதவும். வெளிவந்த 30 நாட்களுக்குள் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். சட்டம் சொல்கிற மற்ற நூலகங்களுக்கும்தான்.

அதற்கு முன்னால், இந்த வாரமே கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் ஒரே கடிதம் எழுதுங்கள்: ‘இந்தத் தொகுப்பின் முதல் பதிப்புக்கு மட்டுமே அனுமதி. மற்ற எல்லா உரிமையும் எங்களிடமே இருப்பதை எழுத்தில் உறுதி செய்யவும். இல்லையென்றால் படிவத்தையும் பணத்தையும் திருப்பித் தரவும்.’ ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் வரும்வரை மீதிப் பேர் பணம் கட்ட வேண்டாம்.