கருவிழி ஓசிடி படத்தின் நடுவே வெள்ளைக் கோடு: தழும்பா?

அநேகமாகத் தழும்பு இல்லை, எதிரொளிப்பு. ஓசிடி (OCT) என்பது ஒளிக்கதிரைச் செலுத்திக் கண்ணின் குறுக்குவெட்டைப் படமெடுக்கும் முறை. கருவிழியின் (கண்ணின் முன்பக்க ஒளிபுகு படலமான கார்னியாவின்) உச்சியில் கதிர் நேர்செங்குத்தாக விழுந்து அப்படியே திரும்புவதால் உணர்கருவி திணறிப்போகிறது. படத்தில் நீங்கள் சொல்லும் அந்த மேல்கீழ்க் கோடு அதுதான்.

கோட்டின் இரு முனைகளையும் பாருங்கள். கருவிழியின் நடுப்பகுதி ஏறக்குறைய 540 மைக்ரான் தடிமன்தான். தழும்பு அதற்குள்ளேயே அடங்கும். கோடு மேலே கருவிழிக்கு வெளியே உள்ள காற்றுப் பகுதியிலும், கீழே முன்னறையிலும் (கருவிழிக்குப் பின்னால் திரவம் நிறைந்த இடம்) நீண்டால் சந்தேகமே வேண்டாம், எதிரொளிப்புதான்.

அப்புறம், நோயாளியின் பார்வையைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லி மறுபடி எடுங்கள். தழும்பு கண்ணோடு சேர்ந்து நகரும். கோடு கதிர் செங்குத்தாக விழும் இடத்திலேயே நிற்கும்.

ஒன்று மட்டும்: கோட்டுக்குப் பின்னால் சிறு தழும்பு ஒளிந்திருக்கலாம். பிளவு விளக்கிலும் (மெல்லிய ஒளிக்கீற்றால் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கி, slit lamp) பார்த்துவிடுங்கள். அந்த இடத்தின் தடிமன் அளவையும் நம்பாதீர்கள்.