டிரெட்மில் மோட்டாரில் லேத் ஓடுமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் வீட்டை ஒட்டி லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நாலரை அடி லேத், ஒரு எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார். வேகம் மாற்ற ஒவ்வொரு தடவையும் பெல்ட்டைக் கழற்றி மாட்டி அலுத்துவிட்டது. ஜிம்மில் கழித்த ‘மூன்று எச்.பி.’ டிசி மோட்டார் கன்ட்ரோலரோடு இருக்கிறது, இனி பெல்ட் மாற்றவே வேண்டாம் என்கிறார் ஒரு தரகர். வாங்கலாமா?

பதில்: மாட்டலாம், ஓடும். ஆனால் தரகர் சொன்ன இரண்டையும் நம்பாதீர்கள்.

முதலில் எச்.பி. மோட்டார் பிளேட்டில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். 180 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 900 வாட். ஒரு எச்.பி. 746 வாட். சூடாக வீணாவதைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு எச்.பி.தான். மூன்று என்பது கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்து இழுக்கும் உச்சக் கணக்கு. பிளேட்டை உரசியிருந்தாலோ புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.

தரகர் லோடு இல்லாமல் ஓட்டிக் காட்டுவார். லோடு இல்லாவிட்டால் எதுவும் அழகாகத்தான் ஓடும். நீங்கள் வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். பிறகு மோட்டாரின் இரண்டு வயர் முனைகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டுச் சுற்றுங்கள். இப்போது கை நன்றாக இறுக வேண்டும். முன்புபோலவே லேசாகச் சுற்றினால் காந்தம் செத்திருக்கும், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

அடுத்து பெல்ட். இந்த மோட்டாரில் வேகத்தைப் பாதியாக்கினால் எச்.பி.யும் பாதியாகிவிடும். குளச்சல் படகுக்கு 150 மி.மீ. ஃபிளாஞ்ச் (குழாய், ஷாஃப்டை இணைக்கும் வட்டத் தகடு) கடைய ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கு நிமிடத்துக்கு 60 சுற்று போதும். அந்த வேகத்தைக் கன்ட்ரோலரின் வேகத் திருகிலேயே கொண்டுவந்தால், டூல் பட்டதும் சக் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுற்றும் பகுதி) நின்றுவிடும். மோட்டாரின் சொந்த ஃபேனும் மெதுவாகச் சுற்றுவதால் கம்பிச்சுருள் சூடேறும். ஆகவே கோன் புல்லியும் (பெல்ட் மாற்றும் படிப்படியான புல்லி) பேக் கியரும் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) இருக்கட்டும். பெரிய மாற்றத்துக்குப் பெல்ட், இடைப்பட்டதற்குத் திருகு.

ரிவர்ஸ் சுவிட்ச் வைக்காதீர்கள். டிரெட்மில் மோட்டாரின் ஃபிளைவீல் பெரும்பாலும் மரையில்தான் நிற்கிறது; எதிர்ப்பக்கம் ஓடினால் கழன்று பறக்கும். மரைச் சக்கும் அப்படியே. இதற்கு ஒரே விலக்கு, இன்ச் லீட் ஸ்குரூ (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீளத் திருகு) உள்ள லேத்தில் மெட்ரிக் மரை வெட்டுகிறவர்கள். அவர்கள் ஹாஃப் நட்டை (லீட் ஸ்குரூவைப் பிடிக்கும் பிளவு நட்) விடக் கூடாது, விட்டால் மரை பிசகிவிடும். டூலைப் பின்னுக்கு இழுத்துவிட்டு ரிவர்ஸில்தான் திரும்ப வேண்டும். அவர்கள் ஃபிளைவீலைக் கழற்றி ஷாஃப்டில் சாவி (வழுக்காமல் பிடிக்கும் ‘கீ’) போட்ட புல்லியை மாட்டட்டும். ஃபேன் அந்த ஃபிளைவீலிலேயே இருந்தால் காற்றுக்குத் தனி ஃபேன் வேண்டும். சக்குக்கும் லாக் இருக்க வேண்டும். லேத் முழுதாக நின்ற பிறகே சுவிட்ச். ஓடும்போது மாற்றினால் கன்ட்ரோலர் போய்விடும். எப்போதாவது ஒரு மெட்ரிக் போல்ட் போடுகிறவருக்கு இந்தப் பாடு தேவையா?

கன்ட்ரோலர் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். மரப்பலகையில் திறந்து வைத்து விற்கிறார்கள். மலிவான பலவற்றில் வேகத் திருகின் கம்பிகளிலேயே 230 வோல்ட் லைன் நிற்கும். எர்த் செய்த இரும்புப் பெட்டி, பிளாஸ்டிக் குமிழ், கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாத ஸ்டார்ட்டர், இந்த மூன்றும் இல்லாமல் பட்டறைக்குள் விடாதீர்கள். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? இரும்புத் துகள் காந்தத்தில் போய் ஒட்டும்; மோட்டாரை ஒரு தடுப்புத் தட்டுக்குப் பின்னால், காற்று வரும்படி மூடி வையுங்கள்.

என்னைக் கேட்டால் ஒரு எச்.பி. த்ரீ பேஸ் மோட்டாரும், சிங்கிள் பேஸ் வாங்கி த்ரீ பேஸ் தரும் வி.எஃப்.டி.யும் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) போடுவேன். பிரஷ் இல்லை, தூசிக்கும் பயமில்லை. நம் ஊரில் சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ‘ஸ்டார்’ இணைப்பில் கட்டியவை. 230 வோல்ட்டுக்கு அதே வைண்டிங்கை ‘டெல்டா’ இணைப்பாக்க வேண்டும். மூன்று வயர் மட்டும் வெளியே இருந்தால் வைண்டிங் கடையில் ஆறாக எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பழைய சிங்கிள் பேஸ் மோட்டாருக்கே வி.எஃப்.டி. மாட்டலாம் என்று இன்னொரு தரகர் வருவார். அது சரிவராது; அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

லேத் வீட்டு இணைப்பில் ஓடுகிறதா? 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரட்டைக் கட்டணம் போடுவார்கள். தொழில் இணைப்பு கேட்டுப் போனால் மேஜை மேஜையாக அலையவிட்டு ஆளைச் சோர வைக்கிறார்கள், அது தனிக் கொடுமை. ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்பவரிடம் பணம் கொடுக்காமல் விண்ணப்பத்தை நீங்களே போடுங்கள். பணம் கட்டிய ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும்.