மசக்கைக்குக் கைமருந்து எதுவரை? வாசகர் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு இது எட்டாவது வாரம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. நெல் அவிக்கும் வாடை வந்தாலே வயிற்றைப் புரட்டுகிறது. மாமியார் மூன்று வேளையும் சுக்குக் கஷாயம் வைத்துத் தருகிறார். என் அம்மாவோ, "சுக்கு சூடு, கரு தங்காது, வாயில் வைக்காதே" என்று தொலைபேசியில் சத்தம் போடுகிறார். நான் யார் பேச்சைக் கேட்பது, டாக்டர் அம்மா?

பதில்: சுக்கு ஆகுமா ஆகாதா என்று மட்டும் கேட்டால் உங்கள் மாமியார் சொல்வதே சரி. எவ்வளவு என்று கேட்டால், உங்கள் அம்மாவின் பயத்தையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுக்கப்பட்ட அளவு நாளொன்றுக்கு 1 கிராம் காய்ந்த இஞ்சிப் பொடி, அதாவது 250 மில்லிகிராம் வீதம் நான்கு வேளை. அந்த அளவில் குமட்டல் ஓரளவு தணிந்ததே தவிர, வாந்தி எடுக்கும் தடவைகள் அவ்வளவாகக் குறையவில்லை. கருச்சிதைவு கூடியதாகவும் தெரியவில்லை. வீட்டுக் கணக்கில் அது ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, அதுவும் ஒரு வேளைக்கல்ல, முழு நாளைக்கும் சேர்த்து. நம் வீடுகளில் நடப்பது வேறு: விரல் நீளச் சுக்கைத் தட்டிப் போட்டு, மிளகும் திப்பிலியும் சேர்த்து, சுண்டக் காய்ச்சி, வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடிக்கச் சொல்கிறார்கள். அது நெஞ்செரிச்சலைக் கிளப்பி, இருக்கும் குமட்டலை இன்னும் கூட்டிவிடும். மிளகையும் திப்பிலியையும் விட்டுவிட்டு, சுக்கைக் குறைத்து, கொஞ்சம் பனைவெல்லம் சேர்த்து, ஆறவிட்டு, மடக்கு மடக்காகக் குடியுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் சுக்கைத் தொடவேண்டாம்.

நெல் அவியும் வாடையைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதுதான் தவிட்டிலுள்ள தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது. அதனால்தான் தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் அது அதிகம். இன்று உங்களை விரட்டும் அந்த வாடைக்கு இப்படி ஒரு நல்ல பக்கமும் உண்டு. ஆனாலும் அதைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அவியல் நடக்கும் நேரத்தை ஆலையில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நேரத்தில் காற்று மாறி வீசும் பக்கத்து அறைக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்விடுங்கள். கொல்லையில் எலுமிச்சையோ நார்த்தையோ இருந்தால் ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, மூக்கருகே வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சை மணத்தை முகரச் செய்த சிறிய ஆய்வில் குமட்டல் குறைந்ததாகவே கண்டிருக்கிறார்கள். பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் ஒன்றுமில்லை.

வயிறு காலியாக இருந்தால்தான் புரட்டல் அதிகம். தலைமாட்டில் ஒரு டப்பாவில் நெற்பொரி வைத்துக்கொண்டு, காலையில் எழுந்திருக்கும் முன்பே படுக்கையில் இருந்தபடி ஒரு கை மென்றுவிட்டு, கால் மணி நேரம் கழித்து மெல்ல எழுங்கள். பொரியை வெந்நீரில் ஊறவைத்து உப்புப் போட்ட பொரிக் கஞ்சிக்கு இணையான கைமருந்து இந்த நேரத்தில் வேறில்லை என்பது என் அனுபவம். பெரும்பாலானவர்களுக்கு ஆறாவது வாரத்தில் தொடங்கும் மசக்கை, ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், நான்காவது மாதத்தில் அடங்கிவிடும்.

கேள்வி: கும்பகோணத்தில் என்னைப் பார்க்கும் மருத்துவர் டாக்ஸிலமின், பைரிடாக்சின் சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார். "அந்தக் காலத்தில் வாந்தி மாத்திரை போட்டுத்தான் கை கால் இல்லாமல் பிள்ளைகள் பிறந்தன" என்று நாத்தனார் சொன்னதிலிருந்து அதைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது. மணிக்கட்டில் அழுத்தினாலே போதும் என்கிறாள் ஒரு தோழி. அதையே செய்யலாமா?

பதில்: உங்கள் நாத்தனார் சொல்வது பொய்யல்ல, மருந்துதான் வேறு. தாலிடோமைடு என்ற மருந்து 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961 இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உறுப்புக் குறையோடு பிறந்துவிட்டார்கள். அந்தப் பழி, சம்பந்தமே இல்லாத மற்ற மசக்கை மருந்துகள் மேலும் விழுந்தது. உங்களுக்குத் தந்திருக்கும் அதே மருந்துக் கூட்டை அமெரிக்காவில் அதன் தயாரிப்பாளர்கள் 1983-இல் வழக்குகளுக்குப் பயந்து நிறுத்தினார்கள். பிறகு எத்தனையோ ஆய்வுகளில் குழந்தைக்குக் கேடு எதுவும் காணப்படாமல், 2013-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு மீண்டும் அனுமதி தந்தது. பைரிடாக்சின் என்பது பி6 உயிர்ச்சத்து. டாக்ஸிலமின் தூக்கத்தை வரவழைக்கும் என்பதால், சொன்ன அளவை இரவில் போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள். போட்டுவிட்டு வண்டி ஓட்டவேண்டாம்.

மணிக்கட்டு விஷயத்துக்கு வருவோம். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரற்கடை தள்ளி, நடுவில் புடைத்து நிற்கும் இரண்டு நாண்களுக்கு இடையே அழுத்தும் சீன முறை அது. சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது. வேறு சிலவற்றில், வேண்டுமென்றே தவறான இடத்தில் அழுத்தியவர்களுக்கும் அதே அளவு சுகம் கிடைத்தது. பேருந்தில் போகும்போது செய்து பாருங்கள், கெடுதலில்லை. மாத்திரைக்குப் பதிலாக அது வேண்டாம்.

கேள்வி: நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பத்து வாரம் ஆன என் மகளுக்கு மூன்று நாளாகத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. குடலேற்றம் என்று சொல்லி, எண்ணெய் போட்டு வயிற்றை நீவிவிடக் கூப்பிடுகிறார்கள். ஒரு நாட்டு வைத்தியர் செந்தூரம் தேனில் குழைத்துத் தரச் சொல்கிறார். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடாதா?

பதில்: அம்மா, இது அச்சேறி வரும்வரை காத்திருக்கக்கூடிய விஷயமல்ல என்பதால் உங்களிடம் அன்றைக்கே தொலைபேசியில் பேசிவிட்டேன். இங்கே எழுதுவது மற்ற வீடுகளுக்காக.

தண்ணீரே தங்காதபோது அதற்கு மசக்கை என்று பெயர் வைத்துவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, போனாலும் அடர்மஞ்சளாக இருக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, எடை குறைகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். 50 கிலோ இருந்த பெண் இரண்டரை கிலோ குறைந்துவிட்டால், அது கர்ப்பகாலத்தின் கடும் வாந்தி நோய். காய்ச்சலோ, வயிற்றுவலியோ, கண்ணில் மஞ்சளோ சேர்ந்தால் காரணம் மசக்கையே அல்லாமலும் இருக்கலாம்.

வயிற்றை நீவுவது எந்த வாந்தியையும் நிறுத்தாது. கர்ப்பிணியின் வயிற்றில் அழுத்தம் கொடுப்பது ஆபத்து. செந்தூரம், பற்பம் என்பவை உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்பவை; என்ன கலந்தது, எவ்வளவு மிச்சம் என்று தெரியாத ஒன்றைக் கருவுற்றவருக்குத் தரக்கூடாது. சித்த மருத்துவத்தையே நான் மறுப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவில் தரும் மாதுளை மணப்பாகை என்னிடம் வருபவர்கள் குடிக்கிறார்கள், நானும் தடுப்பதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் மட்டும், அது சர்க்கரைப் பாகு என்பதை நினைவூட்டுவேன்.

குளுக்கோஸைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள்கணக்கில் வாந்தி எடுத்தவரின் உடம்பில் தயமின் வற்றியிருக்கும். அந்த நிலையில் தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருப்பதும் தீர்ந்து மூளையே பாதிக்கப்படக்கூடும்; பார்வை தடுமாறுவதும் நடை தள்ளாடுவதும் அதன் அறிகுறிகள். உப்புநீர்ச் சலைனும் தயமினும் முதலில், தேவைப்பட்டால் குளுக்கோஸ் பிறகு என்பதே முறை. தெருமுனையில் ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு வருவதைவிட, 108-ஐ அழைத்து, சிறுநீரில் கீட்டோன் (சாப்பாடு இறங்காமல் உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது வெளிவரும் பொருள்) பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போவதே நல்லது.

கேள்வி: திருவையாற்றிலிருந்து எழுதும் கணவன் நான். ஏழாவது வாரத்தில் இருக்கும் என் மனைவிக்கு இரும்புச்சத்து மாத்திரை போட்டதும் வாந்தி வருகிறது. காப்பி குடிக்கலாமா என்றும் கேட்கச் சொன்னாள்.

பதில்: நம் நாட்டு அரசுத் திட்டத்தில் முதல் மூன்று மாதங்களுக்கு ஃபோலிக் அமிலம் மட்டும்தான், இரும்புச்சத்து நான்காவது மாதத்திலிருந்து 180 நாள்கள். இரத்தசோகை அதிகம் என்பதால் முன்னதாகவே தந்திருக்கிறார்களா என்று உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள்; அப்படி இல்லையென்றால் தள்ளிவைக்கச் சொல்வார்கள். ஃபோலிக் அமிலத்தை மட்டும் நிறுத்த வேண்டாம். காப்பி, நாளுக்கு இரண்டு சிறிய டம்ளருக்குள் இருக்கட்டும். அதை நீங்களே போட்டுக் கொடுங்கள். டிகாக்‌ஷன் இறங்கும் வாடை பல பெண்களுக்கு ஆகாது, ஆறிய பிறகு குடித்தால் தங்கும்.